எலிக்குக் கேட்ட மருந்து மனுசனுக்குக் கேட்கலை!

கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளே, உஷார்!

கள்ளக்குறிச்சி,

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்த மாவட்டம் கள்ளக்குறிச்சி. ஆலைச் சர்க்கரை மூட்டையில் அடங்கிவிடும். உடம்புச் சர்க்கரை அடங்காவிட்டால் நரம்பைப் பதம் பார்த்துவிடும்!

முள் குத்தினாலும் வலிக்காது. செருப்பு கழன்றாலும் தெரியாது. "சும்மா மதமதன்னு இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். புண் அழுகினால் காலையே எடுக்கும் நிலை வரலாம்.

விஷ ஊசி

இந்த நரம்புக் கோளாறை ஆராய விஞ்ஞானிகள் கையில் எடுத்தது ஒரு விஷ மருந்து. பெயர் ஸ்டிரெப்டோசோட்டோசின். மண்ணில் வாழும் ஒரு நுண்கிருமியில் இருந்து கிடைத்தது.

எலிக்கு இதை ஊசி போட்டால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் செத்துவிடும். சில நாளில் எலிக்குச் சர்க்கரை நோய்! சில வாரத்தில் நரம்பின் வேகம் குறையும். 1963-ம் ஆண்டு இந்தக் குணம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

நரம்புக்குள் நுழைய சர்க்கரைக்கு இன்சுலின் தயவு தேவை இல்லை. திபுதிபு என நுழையும். 'ஆல்டோஸ் ரிடக்டேஸ்' என்ற நொதி அதை 'சார்பிட்டால்' ஆக மாற்றும். அது உள்ளேயே தேங்கி நரம்பைக் கெடுக்கும். நரம்பு கெட இதுவும் ஒரு காரணம்.

வாபஸ் ஆன மாத்திரை

அந்த நொதியை மடக்க மாத்திரைகள் வந்தன. எலிகளுக்கு நல்ல குணம். மனிதர்களிடம் பலிக்கவில்லை! 'டால்ரெஸ்டாட்' கல்லீரலைக் கெடுத்ததால் 1996-ல் வாபஸ் ஆனது.

ஜப்பானில் 1992-ல் வந்த 'எபால்ரெஸ்டாட்' மட்டும் தப்பியது. இந்தியாவிலும் விற்பனையாகிறது. அமெரிக்கா அனுமதி தரவில்லை. கோளாறு முற்றுவதை இது தாமதப்படுத்தலாம். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்கக் கூடாது.

எலிக்கு ஏன் கேட்டது? அதற்கு நோய் வந்து சில வாரம்தான். நம்ம ஆளுக்கோ 10, 15 வருஷம்!

செய்ய வேண்டியது

வருஷம் ஒரு தடவை பாதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தே உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

கல்வராயன் மலையில் காட்டு வேலைக்குப் போகிறவரும் சரி, நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவரும் சரி, வெறுங்காலோடு நடக்காதீர்கள். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

நல்ல மாத்திரை வரட்டும் என்று காத்திருக்கலாம். கால் காத்திருக்காது!