ஓணச் சரக்கு பொம்மையான கதை

ஓணம் கழிந்த மறுநாள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஜவுளிக் கடைகளைப் பார்க்க வேண்டுமே! முதல் நாள் வரை வாசலில் தொங்கிய கசவு வேட்டியும் சேலையும் அலமாரிக்குள் போய்விடும். கல்யாணமோ விஷுவோ வந்தால்தான் அவற்றுக்கு மறுபடி வெளிச்சம்.

2018இல் அலமாரிக்குக்கூடப் போக முடியாத சரக்கு ஒன்று இருந்தது. எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலம் கைத்தறி நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்த துணி அது. அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, இடுக்கி மலையிலிருந்து இறங்கும் பெரியாறு பெருக்கெடுத்துத் தறியையும் துணியையும் சேற்றில் முக்கியது. வருஷத்தின் பெரிய வரவு போயிற்று.

கறை போகாத துணியைக் குப்பையில் போட வேண்டியதுதான் என்ற நிலை. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அதற்கு வழி கண்டனர். துணியைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, கொதிக்க வைத்து, துண்டு போட்டுப் பொம்மை கட்டினார்கள். பெயர் 'சேக்குட்டி'. கறையை மறைக்கவில்லை, அதுவே அடையாளம். ஒரு சேலையில் 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய். ஆயிரத்துச் சொச்சம் விலையுள்ள சேலைக்கு 9,000 ரூபாய்! தொண்டர்கள் பல ஊர்களில் உட்கார்ந்து பொம்மை கட்டிக் கொடுத்தனர்.

அனுதாபத்தில் விற்றது என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் மடிப்பில் மஞ்சளித்த கசவைத் தலையணை உறையாகத் தைத்து வாசலில் தொங்கவிட அனுதாபம் எதற்கு? ஒரு தையல்காரர் போதும்.

மகரவிளக்கு முடிந்தபின் தேங்கும் கறுப்பு வேட்டிக்கு என்ன வழி? அதைக் குமுளிக் கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.