எழுத்தும் எழுத்தின் படமும்

புதுச்சேரியின் கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையின் பொருட்டே வெளியூரார் பலரும் அறிந்துவைத்திருக்கும் நோணாங்குப்பத்தில், பார்வையற்ற இளைஞர் ஒருவர் பேருந்துக்காகக் காத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய சட்டைப் பையிலும் நம்மிடம் இருப்பது போன்ற கைபேசிதான் இருக்கிறது. ஆனால் அதன் திரை அவருக்கு வெறும் கண்ணாடி. விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற சாதனம், ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்றும் ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் பெயர் பூண்டு, தனிச் செலவு ஏதுமின்றி உள்ளேயே அமைந்திருப்பதால், செய்தி படிப்பதும் பணம் அனுப்புவதும் அவருக்கு அன்றாடக் காரியங்கள். பழகிய காதுக்கு ஏற்ற வேகத்தில் அவர் அதைப் பேச வைத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் நமக்கு ஏதோ சருகு சலசலப்பது போலத்தான் கேட்கும்.

அந்தச் சமயத்தில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மின்தடை பற்றிய அறிவிப்பு ஒன்று வருகிறது. யாரோ புண்ணியவான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். குரல் 'புகைப்படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது.

கண்ணுள்ளவர்க்கு எழுத்தும் எழுத்தின் படமும் ஒன்றே. கணினிக்கோ அவை இரண்டும் வெவ்வேறு வஸ்துக்கள். தட்டச்சுச் செய்த 'க' அதற்குக் 'க' என்றே தெரியும்; படத்திலுள்ள 'க'வோ கருப்பும் வெளுப்புமான புள்ளிகளின் கூட்டம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் யுக்திகள் இப்போது வந்துவிட்டன என்பது மெய்தான். ஆயினும் கோணலாகப் பிடித்து, நிழல் விழுந்து, கையொப்பமும் முத்திரையும் மேலே குத்தப்பட்ட ஒரு பிரதியின் முன்னே அவையும் திணறித்தான் போகின்றன.

இந்தப் பேதம் கணினியோடு பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்தில் பார்வையற்றோருக்கென ஒரு பள்ளியை நிறுவிய வாலன்டேன் ஆயி என்ற பெருந்தகை, அச்செழுத்துக்களையே காகிதத்தில் புடைக்கச் செய்து பிள்ளைகளின் விரலால் தடவிப் படிக்க வைத்தார். நோக்கம் உயர்ந்தது, பயன் சொற்பம். வளைவும் கோடும் கண்ணுக்கு உகந்தவையேயன்றி விரலுக்கு உகந்தவை அல்ல. ஆதலால் எழுத்துக்கள் பெருத்தன, புத்தகங்கள் கனத்தன, வாசிப்பு ஊர்ந்தது. அவர் கொடுத்தது எழுத்தின் படத்தை. அதே பள்ளிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த லூயி பிரெயில், 1809-ல் பிறந்து மூன்று வயதிலேயே தகப்பனாரின் பட்டறைக் கருவியால் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டவர், ஷார்ல் பார்பியே என்பவரின் பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, ஒரே ஸ்பரிசத்தில் விரல் நுனிக்குள் அடங்கும்படி செய்தார். 1829-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். அப்பொழுது நம் புதுச்சேரியும் அதே பிரெஞ்சுக்கொடியின் கீழ்த்தான் இருந்தது. பிரான்ஸ் தேசம் அம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854-ல். அவர் காலமாகி அப்போது இரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

தமிழ் நாட்டில் இந்தக் கல்விக்குப் பாளையங்கோட்டை ஒரு முக்கிய ஸ்தானம். 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற ஒழுங்கு 1951-ல் ஏற்பட்டது. அதில் 'கொ' என்று எழுத வேண்டுமானால், நாம் எழுதுவது போல் ககரத்தின் முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் நிறுத்த வேண்டியதில்லை. முதலில் 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். வாய் உச்சரிக்கும் வரிசையிலேயே விரலும் போகிறது.

யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துமுறையும் ஏறக்குறைய இதையே செய்கிறது: திரையில் கொம்பு இடப்பக்கம் தோன்றினாலும் உள்ளே அது மெய்யெழுத்துக்குப் பின்னர்தான் பதிவாகிறது. அது பரவுவதற்கு முன் புழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களின் வித்தை வேறு. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிடுவதே அவற்றின் தந்திரம். பாமினியில் 'அம்மா' என்று நாம் காணுமிடத்தில் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அம்மா, காதுக்கு எம்-கே-கே-எச்! 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும், பழைய எழுத்துருவில் கோர்த்த கோப்புக்கள் இன்னும் நடமாடுகின்றன. தமிழை இத்தனை அபிமானத்தோடு பேசும் நாம், தமிழைப் போல் தோன்றுவதோடு திருப்தி அடைந்துவிடுகிறோமோ என்று எனக்கு ஐயம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. அரசு வெளியிடும் மின்னணுத் தகவல் எல்லார்க்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதி உள்ளே வைக்கவேண்டும் என்ற சர்வதேச இணைய நெறியோ 1999-லேயே வந்தது. எனினும் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது 'கண்ணைச் சிமிட்டுக' என்று கைபேசி கட்டளையிடுவது வழக்கமாயிற்று. திராவக வீச்சில் கண்களை இழந்தோர் எதைச் சிமிட்டுவர்? அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்து, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்றும், உயிருள்ள மனிதர்தாமா என்று அறியச் சிமிட்டுதல் அல்லாத வழிகளும் வேண்டும் என்றும் விதித்தார்கள்.

நோணாங்குப்பத்து இளைஞரை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டோம். அவருக்கு மின்தடைச் சமாசாரம் தெரியாமல் போய்விடாது. "நாளைக்குக் காலைல ஒன்பது மணியிலேர்ந்து கரண்ட் இருக்காது, தம்பி" என்று டீக்கடைக்காரர் வாசித்துச் சொல்லிவிடுவார். நம் ஊர்களில் இந்த உபகாரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மறுநாள் அவருக்கு இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும். அதுவும் ஒரு புகைப்படமாகத்தான் வரும்.