கதை பிடிக்கும், புத்தகம் பிடிக்காது

வாசிக்க விருப்பமில்லாத குழந்தைகளில் பெரும்பாலோர் கதை கேட்க மறுப்பதில்லை. அதே கதையைப் புத்தகமாகக் கையில் கொடுத்தால்தான் நழுவப் பார்க்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் உழைப்புதான் அவர்களைச் சலிக்க வைக்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் முதற்சொல் மறந்துபோகிற நிலையில் கதையின் சுவை எப்படித் தெரியும்?

தமிழில் இந்த உழைப்பு கொஞ்சம் கூடுதல். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ', 'கோ' என்றால் இருபுறமும் நிற்கிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் வேறுவேறாக ஒலிக்கிறது. 'சொல்லிக்கொண்டிருந்தார்களாம்' போன்ற நெடுஞ்சொற்கள் வேறு. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் உள்ள தூரம். 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'வந்துவிட்டார்கள்' பாதி புதிய மொழி. அந்த மொழியைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு அச்சிட்ட தமிழ் என்றாலே பரீட்சை நினைவுதான் வரும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம்.

அதைக் குறைக்கும் மிக எளிய வழி, பெரியவர்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. தூங்கப்போகும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் பார்க்கும்படி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். புரியாத இடத்தை மட்டும் வீட்டுப் பேச்சில் சொல்லலாம். நாளடைவில் எழுத்துத் தமிழின் வாக்கிய ஓட்டம் காதில் பதிந்துவிடும். பிறகு தானாகப் படிக்கும்போது அடுத்து என்ன சொல் வரும் என்று குழந்தையால் ஊகிக்க முடியும். கண்ணுக்கு வேலை பாதியாகும். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவதும் நல்ல உத்தி. பிள்ளை படிக்கக் கற்றதும் பல வீடுகளில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. தொடக்க வகுப்புகளில் ஒரு குழந்தை கேட்டுப் புரிந்துகொள்ளும் கதை, தானே படித்துப் புரிந்துகொள்ளும் கதையைவிடப் பல படி உயர்ந்தது.

எந்தப் புத்தகம் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. பாம்பு, கிரிக்கெட், ராக்கெட் என்று எதில் ஆசையோ அதிலிருந்து தொடங்கலாம். கதைதான் என்ற கட்டாயமில்லை. படக்கதைகளைத் தாழ்வாக நினைப்பதும் தவறு. சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் எத்தனையோ பேரைத் தொடர் வாசகர்களாக்கின. பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போவதும் பாதியில் மூடிவைப்பதும் அவற்றில் அடக்கம். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அடுத்த புத்தகமும் கைநழுவும்.

தரம் பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. குழந்தை ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று வகுப்பின்படி அல்லாமல் வாசிப்புத் திறன்படி பிரித்திருப்பது இதனால்தான் பயனுள்ளது. ஆறாம் வகுப்பு மாணவர் 'நுழை' வரிசையில் தொடங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பரிசு ஆசை காட்டுவதில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர், பின்னர் சும்மா இருந்த நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். வாசிப்புக்கும் இதே ஆபத்து உண்டு. புத்தகத்தை மூடியவுடன் 'இதில் என்ன நீதி?' என்று கேட்பது இன்னும் மோசம். அந்த நொடியில் கதை பாடமாகிவிடுகிறது. பெரியவர் தமக்குப் பிடித்த இடத்தைச் சொன்னால் குழந்தை தானாகவே தன்னுடையதைச் சொல்லத் தொடங்கும்.

புத்தகம் கிடைப்பது முன்போலக் கடினமில்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவுகள் உள்ளன. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்துகள் குழம்புகின்றன, வரி தவறுகிறது, படித்தால் தலை வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் முதலில் கண் பரிசோதனை செய்ய வேண்டும். பார்வை சரியாக இருந்தால் டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் பார்ப்பது அவசியம். இது அறிவுக் குறைவு அல்ல. தனிப் பயிற்சியால் நன்கு முன்னேற முடியும். பயிற்சி நடக்கும் காலத்திலும் வாசித்துக் காட்டுவதும் ஒலிப்புத்தகங்களும் தொடர வேண்டும். வயதுக்கேற்ற கதைகளும் சொற்களும் அப்போதுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.