விரலின் லயமும் கதவின் அளவுகோலும்

கள்ளக்குறிச்சியில் நான் தட்டச்சு பழகிய இன்ஸ்டிட்யூட்டில் ஆசிரியர் எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திரும்பாமலே, "ஏண்டா மூணாவது மெஷின், சுண்டு விரல் தூங்குது" என்பார். பத்துப் பன்னிரண்டு மெஷின்களின் இரைச்சலிலும் காதாலேயே ஆளைப் பிரித்துவிடுவார். ஒருமுறை வலது ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனேன். "யாரு அது, புது ஆளா?" என்று எழுந்து வந்தார். விரலைப் பார்த்தார். "சரி, அடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டும் விதத்தையே அடையாளமாகக் கொண்டு கதவு திறக்கும் பூட்டுகளைப் பற்றிப் படிக்கிறபோது எனக்கு அவர் ஞாபகம்தான். அவர் ஏமாந்ததும், எழுந்து வந்து பார்த்ததும்.

இந்த யோசனை புதிதல்ல. தந்தி யுகத்திலேயே, மோர்ஸ் தட்டுகிற கையின் பாணியை வைத்து மறுமுனையில் இருப்பது யாரென்று தந்திக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் வானொலித் தந்தியை ஒட்டுக்கேட்டவர்கள் இதையே உளவாக்கினார்கள். 1980இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், தன்னிடம் வேலை பார்த்த தட்டச்சர்கள் ஏழு பேரை வைத்து இதைக் கணக்காக்கிப் பார்த்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு விசை எத்தனை மில்லிசெகண்ட் அழுந்தியிருக்கிறது, அதை விட்டு அடுத்த விசைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். பலமுறை தட்டச் சொல்லிச் சராசரியையும், அந்தச் சராசரியிலிருந்து கை வழக்கமாக எவ்வளவு பிசகும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை நீங்கள் தட்டுவது அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கூட்டி, ஒரு வரம்புக்குள் இருந்தால் கதவு திறக்கும். தாண்டினால் திறக்காது.

இந்த லயம் ஆளுக்கு மட்டும் உரியதா? பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று மூன்று தட்டு. 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் 'க', 'ஒ' என்று இரண்டே தட்டு. பலகை மாறினால் நேற்றுவரை நானாக இருந்தவன் இன்று அந்நியன். இன்ஸ்டிட்யூட் செய்ததோ இதற்கு நேர் எதிரான வேலை: எல்லா விரலையும் ஒரே சீராக்குவது. உடல்களைப் பழக்கி வசப்படுத்துவது பற்றி மிஷல் ஃபூக்கோ எழுதியதற்கு லோயர் தேர்வு வகுப்பைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அந்தப் பயிற்சியால் அழிக்க முடியாத மிச்சத்தைத்தான் இப்போது கருவி பொறுக்கி எடுக்கிறது. இந்த மிச்சத்தை உடனே 'எதிர்ப்பு' என்று கொண்டாடுகிற பழக்கம் நம் சிறுபத்திரிகைகளுக்கு உண்டு. அவசரம் வேண்டாம். அந்த மிச்சம்தான் இப்போது சாவி. சாவி யார் கையில் என்பது வேறு விஷயம்.

கதவுகளுக்கென்று ஒரு ஐரோப்பியத் தரம் இருந்தது. உரியவரை நூறில் ஒரு தடவைக்கு மேல் வெளியே நிறுத்தக்கூடாது. அந்நியரை லட்சத்தில் ஒரு தடவைக்கு மேல் உள்ளே விடக்கூடாது. 2009இல் கில்லூர்ஹியும் மாக்ஸியனும் 51 பேரை ஒரே கடவுச்சொல்லை 400 முறை தட்டவைத்து, பதினான்கு கணக்கு முறைகளைச் சோதித்தார்கள். இரண்டு வகைத் தவறும் சமமாகும் இடத்தில், ஆகச் சிறந்த முறைக்கே பிழை 9.6 சதம். ஏறக்குறைய பத்தில் ஒன்று. அடுத்த வருடம் கதவுப் பூட்டில் இருப்பதைப் போன்ற எண் பலகையில், 28 பேரை வலது ஆள்காட்டி விரலால் மட்டும் பத்து இலக்கம் தட்டவைத்தார்கள். நன்றாகப் பழகிய கை, மூன்று முயற்சியில் இரண்டு தேறினால் போதும் என்ற சலுகையோடு, உரியவரைத் தவறாக நிறுத்தியது 1.51 சதமாகக் குறைந்தது. கட்டுப் போட்ட விரலுக்கு அங்கே கணக்கில்லை.

இந்த இரண்டு தவறும் தராசின் இரண்டு தட்டுகள். வரம்பை இறுக்கினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவர் வெளியே நிற்பது கூடும். தளர்த்தினால் மறுதலை. எங்கே நிறுத்துவது என்பதைக் கணிதம் சொல்லாது. அது ஒரு தீர்மானம். கருவூலத்து அறையென்றால் இறுக்கலாம். வெளியே நிற்கிற அதிகாரியைக் காவலாளிக்குத் தெரியும், ஒரு போன் போதும். நஷ்டம் ஐந்து நிமிடம்.

அரிசிக்கான கதவு அப்படியில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை வந்தது. விரலைப் படிக்கிற கருவி வேறு, வரம்பு வைக்கிற தர்க்கம் ஒன்றேதான். அங்கே தவறி ஒருவரை அனுமதித்தால் போவது சில கிலோ அரிசி. தவறி மறுத்தால் போவது ஒருநாள் கூலியும் அந்த வாரத்துச் சோறும். கைரேகைச் சரிபார்ப்பு தோற்பது ஜார்க்கண்டில் 49 சதம், ராஜஸ்தானில் 37 சதம் என்ற மதிப்பீடுகளை 2016-17ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துச் சொல்லியிருக்கிறது. கருவூலக் கதவு இப்படித் தோற்றிருந்தால் மறுநாளே கழற்றி எறிந்திருப்பார்கள்.

'கைநாட்டு' என்பது நம் ஊரில் வசவு. எழுத்து தெரியாதவனுக்கு ரேகை, தெரிந்தவனுக்குக் கையெழுத்து. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தென்மாவட்டங்களில் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். இப்போது படித்தவனின் விரலுக்கும் ரேகை போலவே ஒன்று கண்டுபிடித்தாயிற்று. சமத்துவம் வந்துவிட்டது என்று சிரிக்கலாம்தான், வெளியே நிற்கிற நேரம் இருவருக்கும் ஒன்றாக இருந்தால்.

கல்வராயன் மலையில் ஒரு ரேஷன் கடை. மரவள்ளி பிடுங்கி, கடுக்காய் பொறுக்கித் தேய்ந்த விரல். "ஆயா, சேலையில துடைச்சிட்டு வை." வைத்தார். விழவில்லை. "அழுத்தி வை." விழவில்லை. மற்ற விரல்களும் ஆயிற்று. டவர் போய்விட்டு வந்தது. மாற்று வழி உண்டு என்று விதியில் இருக்கிறது. ஆதாரில் பதிந்த போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும், அந்த போனோ கூலிக்குப் போன மகனோடு கேரளாவில். விற்பனையாளருக்கு ஆயாவின் பேர் தெரியும், ஊர் தெரியும், மகன் எப்போது திரும்புவான் என்பதுகூடத் தெரியும். "நாளைக்கு வா ஆயா, மிஷின் இன்னிக்குச் சரியில்ல" என்றார். மிஷின் சரியாகத்தான் இருந்தது. அடுத்து நின்ற பையன் விரல் வைத்ததும் பீப் என்றது.