பள்ளி முகாமில் இரவு: தூங்க வேண்டியவர் யார், விழிக்க வேண்டியவர் யார்?

செடெனாக் பக்கம் நடந்த ஒரு சாரணர் முகாம் அது. மூட்டை முடிச்சுகளை இறக்கி வைக்கும்போதே ஐந்தாம் ஆண்டு பையன் ஒருவன் கேட்டான்: "சார், இன்னிக்கு ராத்திரி யாருமே தூங்கக்கூடாதுதானே?" பத்து மணிக்கெல்லாம் படுக்க வேண்டும் என்றதும் முகம் தொங்கிப் போனது. "அப்புறம் எதுக்கு சார் முகாம்?"

நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தங்கும் ஓர் இரவு என்பது வருடம் முழுக்கப் பேசும் கதை. ஆசிரியர்கள் நாமும் சில சமயம் "விடிய விடிய நடவடிக்கை" என்று நிகழ்ச்சி நிரலில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். முன்பு நான் வேலை செய்த ஒரு பள்ளியில் இரவு இரண்டு மணிக்கு இரவு நடை, மூன்றரைக்கு மைலோ, ஐந்து மணிக்கு உடற்பயிற்சி என்று நிரல் போட்டதே நான்தான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன். முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். மற்றொன்று உடலின் உள்கடிகாரம். அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்கு வரும். "டீச்சர், குளிருது" என்று பிள்ளைகள் அந்த நேரத்தில் வந்து நிற்பதற்குப் பனி மட்டும் காரணமல்ல. செம்பனைக் காட்டு ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கவனமும் அந்த நேரத்தில்தான் அடிமட்டத்தில் இருக்கும்.

பெரியவர்கள் தூக்கம் வந்தால் கொட்டாவி விடுவோம். பிள்ளைகளிடம் பல சமயம் நேர்மாறாகத் தெரியும்: ஓடுவார்கள், கத்துவார்கள், காரணமில்லாமல் அழுவார்கள், சண்டைக்கு நிற்பார்கள். "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பா இருக்காங்க!" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் களைப்புதான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. சாதாரண நாளிலேயே கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

பள்ளிக்காக விழித்திருந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவர், 1963 டிசம்பர் இறுதியில் தொடங்கி 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமல் இருந்தார். அது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான ஆய்வு! நினைவு தடுமாறியது, எரிச்சல் வந்தது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தமக்குக் கடுமையான தூக்கமின்மை வந்ததாக அவரே சொன்னார். கின்னஸ் நிறுவனம் இப்போது இந்தச் சாதனையைப் பதிவு செய்வதில்லை. ஆபத்து என்பதால்தான்.

இப்போது என் கதை. அந்த முகாமில் விடியற்காலை உடற்பயிற்சியின்போது ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். உட்கார வைத்து, இனிப்புத் தேநீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டாள். எனக்கு அதைவிடப் பயம் தந்தது பிறகு நடந்ததுதான். எல்லாரையும் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தனியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டயர் ஓரக்கோட்டில் ஏறி 'டர்ர்' என்று சத்தம் கேட்டபோதுதான் கண் திறந்தது. எத்தனை வினாடி தூங்கினேன் என்று தெரியாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்றால் கார் 90 மீட்டருக்கு மேல் போயிருக்கும். காற்பந்துத் திடலின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10. நம் நாட்டில் 2020-இல் சட்டத்தைத் திருத்தியபின் வாகனமோட்டிகளுக்கான வரம்பு நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், அதாவது அதே 0.05. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத டீச்சரும் முகாம் முடிந்த காலையில் அந்த நிலையில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

ஆகவே செடெனாக் முகாமில் நிரலை மாற்றினோம். தீமூட்டு நிகழ்ச்சி ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. இரவு நடையை இருட்டியவுடன் எட்டு மணிக்கே வைத்தோம். ஜொகூரில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால் எட்டு மணிக்கே செம்பனைக்குள் நல்ல கும்மிருட்டு, பிள்ளைகளுக்கு வேண்டிய 'திகில்' அங்கேயே கிடைத்துவிடும். பத்தரைக்கு விளக்கணைப்பு. காலையிலும் சூரியன் ஏழு மணிக்குத்தான் வருகிறது, ஐந்து மணிக்கு எழுப்பி இருட்டில் நிற்க வைப்பதில் அர்த்தமில்லை, ஆறரைக்கு எழுப்பினோம். எட்டு மணி நேரம். ஒன்பது இல்லைதான், ஆனாலும் பரவாயில்லை.

விழித்திருந்தது நாங்கள். ஆறு ஆசிரியர்கள், ஒரு ஆண் ஒரு பெண் என்று மூன்று ஜோடி: பத்தரை முதல் ஒன்று, ஒன்று முதல் மூன்றரை, மூன்றரை முதல் ஆறு. நடு ஜோடிக்குத்தான் கஷ்டம். தூக்கம் இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களை அங்கே போட்டோம். கழிப்பறை விளக்கு இரவெல்லாம் எரிய வேண்டும், யார் எழுந்து போனாலும் நோட்டில் நேரம் குறிக்க வேண்டும், வாந்தி, காய்ச்சல் என்றால் எந்தப் பெற்றோரை அழைப்பது என்ற பட்டியல் காவல் மேசையிலேயே இருக்க வேண்டும். விடியற்காலையில் திடீரென்று காற்றுமழை அடித்தால் ஓடுவதற்கு இரண்டு வகுப்பறைகளைத் திறந்தே வைத்திருந்தோம். காப்பியை நம்ப வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், காவல் முடிந்து படுத்தாலும் தூக்கம் வராது.

பால்மரம் வெட்டிய காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் பெரட்டுக்காக இருட்டில் எழுந்தவர்கள். ஆனால் அவர்கள் சீக்கிரம் படுத்தார்கள். அதை நாம் மறந்துவிடுகிறோம்.

விடிய விடிய விழிக்க உண்மையான காரணமும் சில நாள் வரும். 2025 செப்டம்பர் 8 அதிகாலை ஒன்றரை மணி முதல் ஏறக்குறைய மூன்று மணி வரை முழு சந்திர கிரகணம் இங்கே தெரிந்தது. அடுத்து 2028 டிசம்பர் 31 நள்ளிரவையொட்டி ஒன்று வருகிறது. அப்படியான இரவென்றால் மதியமே பிள்ளைகளைத் தூங்க வைத்து, மறுநாள் வகுப்பு இல்லாதபடி திட்டமிட்டு, கிரகணம் முடிந்ததும் படுக்க வைக்கலாம்.

அந்த முகாம் முடிந்த காலை, வண்டி ஓட்டி வந்த எங்களில் இருவர் பணியறைத் தரையில் பாய் விரித்து ஒரு மணி நேரம் படுத்தோம். கேள்வி கேட்ட பையனை அழைத்துப் போக அவன் அப்பா வந்தபோது நான் இன்னும் எழவில்லையாம். "சார் தூங்குறாரு, சத்தம் போடாதீங்கப்பா" என்று அவன்தான் சொன்னானாம்.