குழாய் ஏன் வளைந்து போகிறது?

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அலாஸ்காவின் வரைபடத்தை விரித்தேன். "வடகோடியில் உள்ள புருதோ விரிகுடாவில் 1968இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். வடகடல் பல மாதங்கள் உறைந்து கிடக்கும். தென்கரையில் உள்ள வால்டெஸ் துறைமுகத்துக்கு எண்ணெயை எப்படிக் கொண்டு போவது?" என்று கேட்டேன். ஒரு மாணவன் அளவுகோலை வைத்து நேர்க்கோடு போட்டான். குழாயின் படத்தைக் காட்டியதும், "ஏன் சார், பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றான். அன்றைய பாடம் அந்தக் கேள்விதான்.

குழாயின் நீளம் சுமார் 1,287 கி.மீ. புரூக்ஸ், அலாஸ்கா, சுகாச் ஆகிய மூன்று மலைத்தொடர்களை அது கடக்கிறது. பெரும்பகுதியை மண்ணில் புதைப்பதுதான் முதல் திட்டம். அங்குள்ள மண்ணோ பல இடங்களில் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும் உறைநிலம். சூடான எண்ணெய்க் குழாயைப் புதைத்தால் மண் உருகிச் சேறாகும், குழாய் தாழ்ந்து உடையலாம் என்று 1970இல் புவி இயற்பியலாளர் ஆர்தர் லாக்கன்பிரக் கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தாமதத்தில் திட்டமே மாறியது.

1975 முதல் 1977 வரை குழாய் போடும் பணி நடந்தது. பாதிக்கும் மேற்பட்ட தூரம், சுமார் 676 கி.மீ., குழாயைத் தாங்கிகளின் மேல் உயர்த்தினார்கள். பல தாங்கிகளுக்குள் அம்மோனியா நிரப்பிய குழல்கள் உள்ளன. குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தால் அம்மோனியா ஆவியாகி மேலேறும். மேலே குளிர்ந்து திரவமாகிக் கீழிறங்கும். மின்சாரம் இல்லாமலே மண் உறைந்த நிலையில் இருக்கும். கரிபு, மூஸ் மான்கள் கடந்து செல்லவும் 550க்கும் மேற்பட்ட இடங்களில் வழி விட்டார்கள்.

வளைவுகளுக்குக் காரணம், வெப்பத்தில் விரியவும் குளிரில் சுருங்கவும் நில அதிர்ச்சியில் அசையவும் குழாய்க்கு இடம் வேண்டும் என்பதே. தெனாலி பிளவைக் கடக்கும் இடத்தில், குழாய் பக்கவாட்டில் வழுக்கி நகரும்படி நீண்ட உத்திரங்களின் மேல் வைத்தார்கள். 2002 நவம்பர் 3 அன்று அங்கே 7.9 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலம் 4 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. சில தாங்கிகள் சேதமடைந்தன, எண்ணெய் கசியவில்லை.

தரையில் காட்டிய இந்தக் கவனம் கடலில் இல்லை. 1989இல் வால்டெஸிலிருந்து புறப்பட்ட எண்ணெய்க் கப்பல் பாறைத்திட்டில் மோதி, கடலோர உயிர்கள் பெருமளவில் மடிந்தன. இதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

மறுநாள், தட்டில் உறைய வைத்த ஈரமண்ணின் மேல் வெந்நீர் நிறைந்த டம்ளரை வைத்தோம். சற்று நேரத்தில் மண் இளகி டம்ளர் சாய்ந்தது. இன்னொன்றை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்தோம், அது சாயவில்லை. நேர்க்கோடு போட்ட மாணவன் அதை அழித்துவிட்டு, "முதல்ல மண்ணைப் பார்க்கணும் சார்" என்றான்.

உங்கள் ஊர்க் குடிநீர்க் குழாயின் பாதையை மாணவர்களை வரையச் சொல்லுங்கள். அது எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று கேளுங்கள். புவியியலும் அறிவியலும் ஒரே வகுப்பில் சேர்ந்து வரும்.