உல்லாசப் பூங்காவில் ஒரு நாள்: நீரிழிவு நோயாளர் கவனிக்க வேண்டியவை

பாடசாலை விடுமுறை நாட்களில் ஐரோப்பிய நாடுகளிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் எம்மவர் பலருக்கு, பிள்ளைகளை டிஸ்னிலாண்ட் போன்ற உல்லாசப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்வதும் பயணத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் 1992 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். குடும்பத்தில் நீரிழிவு நோயாளர் ஒருவர் இருப்பின், "உமக்கு ஏன் வீண் அலைச்சல்" என்று அவரை வீட்டிலேயே நிறுத்திவிடுவோரும் உண்டு. நோயை முற்றாக மறந்து புறப்பட்டுவிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் தவறாகும்.

பூங்காவில் கழியும் நாள் ஏனைய நாட்களைப் போன்றதல்ல. காலை முதல் இரவு வரை பல கிலோமீற்றர் நடக்க நேரிடும். நீண்ட வரிசையில் காத்திருப்பதனால் மதிய உணவு பிந்திவிடும். உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள குளுக்கோஸை விரைவாக எடுத்துக்கொள்கின்றன. அதேவேளை, காலையில் ஏற்றிய இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ தன் வேலையைத் தொடர்ந்து செய்கின்றது. உணவும் பிந்தினால் குருதியில் சீனியின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும். மறுபுறத்தில், அச்சமூட்டும் சவாரிகளின்போது சுரக்கும் அட்ரினலினும், இனிப்புப் பானங்களும், நீரிழப்பும் அதே அளவை உயர்த்தவும் கூடும். ஆகவே அன்றைய தினம் வழமையை விட அதிக தடவைகள் சோதித்துப் பார்த்தல் அவசியம்.

சீனி இறங்குவதன் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல், தடுமாற்றம் என்பனவாகும். சிறு பிள்ளையிடத்தில் இவை களைப்பாகவோ பிடிவாதமாகவோ தோன்றலாம். உண்மையான ஆபத்து இங்குதான் உள்ளது. "களைத்துவிட்டான், சற்று உறங்கட்டும்" என்று விட்டுவிடாமல் உடனே சோதிக்க வேண்டும். அளவு ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் குறைந்தால், வளர்ந்தவர் 15 கிராம் அளவான விரைவுச் சீனியை உட்கொள்ள வேண்டும். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனி, அல்லது அரைக் குவளை பழச்சாறு இதற்குப் போதுமானது. 15 நிமிடங்களின் பின்னர் மீண்டும் சோதித்து, உயராவிடின் மறுபடியும் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இதனிலும் குறைந்த அளவு போதும். அதனை வைத்தியரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. சொக்லேட்டும் ஐஸ்கிறீமும் இவ்வேளையில் உகந்தவையல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சீனி குருதியிற் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனடியாக முதலுதவி நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இன்சுலின் வெப்பத்தைத் தாங்காது, உறையவும் கூடாது. ஆகையால் அதனை வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுச் செல்லுதல் தவறு. விமானத்தில் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். வைத்தியரின் கடிதமும் உடனிருத்தல் நலம். இலங்கைக்கும் பிரான்சுக்குமிடையே கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் வேறுபாடு உள்ளது. மேற்கு நோக்கிச் செல்கையில் நாள் நீளுவதால், ஊசி ஏற்றும் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

இன்சுலின் பம்ப் அணிந்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில சவாரிகளில் சக்திவாய்ந்த மின்காந்தங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அத்தகைய சவாரிகளின்போது கருவியைக் கழற்றி வைக்குமாறு தயாரிப்பாளர் சிலர் அறிவுறுத்துகின்றனர். கருவியின் கையேட்டை முன்கூட்டியே வாசித்தறிவதும், இறங்கியதும் மறவாமல் மீண்டும் பொருத்துவதும் அவசியம்.

பாதங்களைப் பற்றியும் கூற வேண்டும். நீண்டகால நீரிழிவினால் காலின் உணர்வு குன்றியவருக்குக் கொப்புளம் தோன்றினாலும் வலி தெரியாது. சிறு காயம் ஆறாப் புண்ணாகி, காலையே இழக்க நேர்ந்தவர்கள் உண்டு. பயணத்துக்கென வாங்கிய புதிய சப்பாத்தை அன்றைக்கு அணியாது, பழகிய சப்பாத்தைக் காலுறையுடன் அணிதல் வேண்டும். இரவில் இரு பாதங்களையும் அடிப்புறம் வரை பார்வையிட வேண்டும். பகல் முழுவதும் நடந்ததன் விளைவாக நள்ளிரவிலும் சீனி இறங்கக்கூடும் என்பதால், இன்சுலின் பெறுவோர் உறங்குமுன் ஒருமுறை சோதித்தல் பாதுகாப்பானது.

பெரிய பூங்காக்களில் முதலுதவி நிலையங்கள் உள்ளன. நுழைந்தவுடன் அவை அமைந்துள்ள இடத்தை அறிந்துகொள்வதும், நோயாளரின் பையில் சோதனைக் கருவி, குளுக்கோஸ், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியன இருப்பதை உறுதிசெய்வதும் குடும்பத்தாரின் பொறுப்பாகும். அவர் தனித்துவிடப்படாமல், விடயமறிந்த ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் முதலாம் வகை நீரிழிவுக்கு ஆளான பிள்ளைகள் நெடுநாள் உயிர்வாழ்ந்ததில்லை. இன்று அத்தகைய பிள்ளை ஏனைய பிள்ளைகளுடன் இராட்டினத்தில் ஏறிச் சிரிக்க முடிகின்றது. அந்த மகிழ்ச்சியை மறுப்பதற்கு நோய் ஒரு காரணமாகலாகாது. முன்னேற்பாடும் விழிப்பும் இருப்பின் அவர்களும் எல்லோரையும் போல விடுமுறையைக் கழிக்கலாம்.